கிளாஸ்கோவில் கத்தி குறைந்த கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

1993-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 'ஆபரேஷன் பிளேடு' என்ற பெயரில் போலீஸ் ஒரு பெரிய நடவடிக்கையில் இறங்கியது. கத்தி வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று முதலில் அவகாசம் கொடுத்தார்கள். அது முடிந்ததும் தெருவில் நிறுத்திச் சோதனை. கத்தி விற்கும் கடைக்காரர்களுடன் பேச்சு, ஊரெங்கும் விளம்பரம். ஆயிரக்கணக்கில் கத்திகள் வந்து குவிந்தன.

நகரின் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையின் அவசரச் சிகிச்சை மருத்துவர்கள் மட்டும் விளம்பரத்தை விட்டுவிட்டுத் தங்கள் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் கடுமையான கத்திக்குத்துக் காயங்கள் குறைந்திருந்தன. பத்து மாதம் போனதும் பழையபடி ஏறிவிட்டன.

கிளாஸ்கோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக 2005-லிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஒரு புதிய போலீஸ் பிரிவு வந்தது, நகரம் மாறியது என்று முடித்துவிடுவார்கள். 1993-ஐ விட்டுவிட்டால் இந்தக் கதை பாதிகூடப் புரியாது. அதே போலீஸ், அதே தெருக்கள், அதே கத்திகள். முதல் முயற்சியின் பலன் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து நடந்தது நிலைத்தது. இடையில் மாறியது என்ன என்பதுதான் இங்கே கேள்வி.

பிடிப்பதில் குறையில்லை

2004-05-ல் ஸ்காட்லாந்தில் 137 கொலைகள் பதிவாயின. மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய ஐம்பது லட்சம்தான். கிளாஸ்கோவில் ஆறு லட்சத்துக்கும் குறைவானவர்களே வசித்தார்கள். அங்கே மட்டும் நாற்பது பேர் அளவுக்குச் செத்தார்கள். 'ஐரோப்பாவின் கொலைத் தலைநகர்' என்று செய்தித்தாள்கள் அந்த ஊருக்குப் பட்டம் சூட்டின.

இத்தனைக்கும் போலீஸ் சும்மா இருக்கவில்லை. நடந்த கொலைகளில் பெரும்பாலானவற்றில் ஆளைப் பிடித்துவிட்டார்கள். பிடிப்பதும் பெரிய வேலையாக இருக்கவில்லை. வார இறுதி, இரவு, குடி, பழைய பகை, கையில் கத்தி. செத்தவனும் குத்தியவனும் ஒரே வயது, ஒரே மாதிரி வீடு. பத்து நிமிடம் முன்பின்னாக நடந்திருந்தால் இவன் கூண்டிலும் அவன் குழியிலும் இருந்திருப்பான். கொலை வழக்குகளை விசாரித்தே பணிக்காலத்தைக் கழித்த ஜான் கார்னோகன் என்ற மூத்த துப்பறியும் அதிகாரியை உறுத்தியது இதுதான். வழக்குகள் முடிந்துகொண்டே இருந்தன, பிணங்களும் வந்துகொண்டே இருந்தன.

கேரன் மெக்ளஸ்கி அதே போலீஸில் குற்றத் தகவல்களை ஆராயும் பிரிவில் இருந்தவர். சீருடை அணிந்த காவலர் அல்ல. முன்பு செவிலியராக வேலை பார்த்தவர், பிறகு உளவியல் படித்தவர். இந்தப் பின்னணி முக்கியம் என்று நினைக்கிறேன். போலீஸ்காரர் கண்ணுக்குக் காயம் ஒரு சாட்சியம். செவிலியர் கண்ணுக்கு அது தடுத்திருக்கக்கூடிய ஒன்று. அப்போதைய காவல் தலைவர் வில்லி ரேயின் ஆதரவில், 2005 ஜனவரியில் இவர்கள் இருவரும் வன்முறைக் குறைப்புப் பிரிவைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அது ஸ்காட்லாந்து முழுமைக்கும் விரிந்தது.

இந்தக் கத்திகளுக்குப் பின்னால் இருந்த கிளாஸ்கோவின் தெருக் கோஷ்டிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது புதிதாக முளைத்த பிரச்சினை இல்லை. 1930-களிலேயே சவரக்கத்திக் கும்பல்களுக்குக் கிளாஸ்கோ பேர் போனது. போருக்குப் பிறகு நெரிசலான பழைய குடியிருப்புகளிலிருந்து மக்களை ஈஸ்டர்ஹவுஸ் போன்ற புறநகர்க் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். வீடுகளைக் கட்டினார்கள், ஆனால் கடை, திடல், பொழுதுபோக்கிடம் எதுவும் சரியாக வரவில்லை. 1968-ல் ஃபிராங்கி வான் என்ற பாடகர் ஈஸ்டர்ஹவுஸுக்கே போய்ப் பையன்களிடம் பேசி ஆயுதங்களைக் கீழே போடச் சொன்னார். கொஞ்சம் பேர் போட்டார்கள். புகைப்படங்கள் நன்றாக வந்தன. அதற்கு மேல் அது போகவில்லை.

இந்தக் கோஷ்டிகள் போதைப்பொருள் வியாபாரத்துக்காகச் சேர்ந்தவை அல்ல. பணத்துக்காகக்கூட இல்லை. ஒரு தெரு, ஒரு பெயர், எதிர்த்தெருக்காரனோடு பரம்பரைப் பகை, அவ்வளவுதான். இது அற்பமாகத் தெரியலாம். ஆனால் பதினைந்து வயதுப் பையன் எந்தச் சாலையைத் தாண்டலாம், எந்த நீச்சல் குளத்துக்குப் போகலாம், எந்தப் பேருந்தில் ஏறலாம் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானித்தது. வேலைப் பயிற்சி மையம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தால் அந்தப் பயிற்சி அவனுக்கு இல்லை. நகரில் இப்படி 170 கோஷ்டிகள் வரை இருப்பதாகப் போலீஸ் கணக்கு வைத்திருந்தது.

நோயாகப் பார்ப்பது

உலகச் சுகாதார நிறுவனம் 2002-ல் வன்முறையும் உடல்நலமும் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. வன்முறையைக் குற்றமாக மட்டும் பார்க்காதீர்கள், தடுக்கக்கூடிய உடல்நலப் பிரச்சினையாகவும் பாருங்கள் என்பது அதன் சாரம். புதிய பிரிவு இதைப் பிடித்துக்கொண்டது. காலரா பரவினால் நோயாளியைத் திட்டிக்கொண்டு நிற்க மாட்டோம். எந்தக் கிணறு, எந்தத் தெரு, யாரிடமிருந்து யாருக்கு, எப்போது என்று தேடுவோம். காசநோயோடும் எய்ட்ஸோடும் போராடிய கேரி ஸ்லட்கின் என்ற மருத்துவர் சிகாகோவில் 2000-லிருந்தே துப்பாக்கி வன்முறைக்கு இதே கண்ணோட்டத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் உட்கார்ந்து என்ன செய்வது? முதல் வேலை, உண்மையான கணக்கைத் தெரிந்துகொள்வது. வேல்ஸின் கார்டிஃப் நகரில் முகத்தாடை அறுவை மருத்துவர் ஜோனதன் ஷெப்பர்ட் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார். அடிபட்டு மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பெரும்பகுதியினர் போலீஸிடம் போவதே இல்லை. பயம், அவமானம், 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்ற வீறாப்பு என்று காரணங்கள் பல. எனவே எங்கே அடிபட்டது, எந்த நேரம், எந்த ஆயுதம் என்ற மூன்றை மட்டும், பெயர் இல்லாமல், வரவேற்பு மேசையிலேயே கேட்டுக் குறித்துப் போலீஸுக்கும் நகராட்சிக்கும் கொடுக்கும் ஏற்பாட்டை அவர் செய்தார். அதையொட்டிய ஆண்டுகளில், ஒப்பிட்டுப் பார்த்த மற்ற நகரங்களில் வன்முறைக் காயங்களுக்காக மருத்துவமனையில் சேர்வோர் கூடினார்கள், கார்டிஃபில் குறைந்தார்கள்.

'கூட்டுமுயற்சி' என்ற சொல்லை அரசு அறிக்கைகளில் பார்த்தாலே பக்கத்தைத் திருப்பத் தோன்றும். மாதம் ஒரு கூட்டம், தேநீர், அடுத்த கூட்டத்துக்கான தேதி என்றுதான் அது பெரும்பாலும் முடிகிறது. கார்டிஃபில் அதற்குப் பொருள் மூன்று கேள்விகளும் ஒரு பட்டியலும். கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒன்று.

நீதிமன்ற அறையில் ஒரு கூட்டம்

இந்த ஆய்வில் நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் 2008 அக்டோபர். இடம், கிளாஸ்கோ ஷெரிஃப் நீதிமன்றம். வழக்கு எதுவும் இல்லை. நகரின் கிழக்குப் பகுதிக் கோஷ்டிகளைச் சேர்ந்த இளைஞர்களை அழைத்து வந்து அந்த அறையில் உட்காரவைத்தார்கள். எதிரெதிர்க் கோஷ்டிக்காரர்கள், ஒரே கூரையின் கீழ்.

யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. பாஸ்டனில் 1996-ல் டேவிட் கென்னடி என்ற ஆய்வாளரும் அங்குள்ள போலீஸும் சேர்ந்து, துப்பாக்கி எடுக்கும் சின்னக் கூட்டத்தை நேரில் அழைத்துப் பேசும் முறையை உருவாக்கினார்கள். இளைஞர் கொலைகள் அங்கே வேகமாகச் சரிந்தன. பிறகு சின்சினாட்டி அதை எடுத்துக்கொண்டது. கிளாஸ்கோ சின்சினாட்டியைப் பார்த்துத் தன் திட்டத்தை அமைத்தது. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர்களை 'வந்தே ஆக வேண்டும்' என்று கட்டாயப்படுத்த முடிந்தது. கிளாஸ்கோவில் அந்தப் பிடி இல்லை. வரச் சொல்லிக் கேட்கத்தான் முடியும். காவலர்களும் சமூகப் பணியாளர்களும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். பையன்கள் வந்தார்கள்.

கூட்டம் மிரட்டலில்தான் தொடங்கியது. நீங்கள் யார் என்று தெரியும், யாரோடு சுற்றுகிறீர்கள் என்று தெரியும். இனிமேல் உங்களில் ஒருவன் குத்தினாலும் கோஷ்டி முழுவதையும் துரத்துவோம். இதுவரை 1993-தான், கொஞ்சம் கூர்மையாக. அடுத்து மருத்துவர் எழுந்தார், கத்தி ஒரு முகத்தை என்ன செய்யும் என்று சொன்னார். பழைய கோஷ்டிக்காரர் ஒருவர் சிறையில் போன வருடங்களைப் பற்றிப் பேசினார். பிறகு ஒரு தாய். தன் மகனுக்கு நடந்ததைச் சொன்னார். அங்கே இருந்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தது பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான். போலீஸ்காரரை முறைத்துக்கொண்டிருந்த பையன்கள் அந்த அம்மாவை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள். பெற்ற வயிறு பேசும்போது எந்தக் கோஷ்டிப் பெயரும் எடுபடாது.

கடைசியாக ஒரு தொலைபேசி எண். இந்த வாழ்க்கையிலிருந்து வெளியே வர வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்றார்கள்.

என் கணிப்பில் திருப்பம் இந்த எண்ணில்தான் இருக்கிறது. கத்தியைக் கீழே போடு என்று 1968-லும் சொன்னார்கள், 1993-லும் சொன்னார்கள். போட்ட பிறகு என்ன என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்கவில்லை. இப்போது அழைத்தால் எடுக்க ஆள் இருந்தது. வேலைப் பயிற்சி, குடியை விட உதவி, கோபத்தைக் கையாளப் பயிற்சி, படிப்பைத் தொடர வழி, மாலையில் விளையாட இடம் என்று அந்தப் பையனுக்கு என்ன தேவையோ அதைப் பார்த்து ஏற்பாடு செய்ய ஆள் இருந்தது. கோஷ்டியை விட்டு வெளியேற விரும்பியும் நண்பர்கள் முன்னால் சொல்லக் கூச்சப்பட்ட பையனுக்குப் 'போலீஸ் தொல்லை தாங்கலடா, அதான் போறேன்' என்ற சாக்கும் கிடைத்தது. மிரட்டலின் உண்மையான பயன் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. மானம் போகாமல் விலக ஒரு வாசல்.

இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களையும், நகரின் வேறொரு பகுதியில் அதே மாதிரிப் பின்னணி கொண்ட, ஆனால் திட்டத்தில் சேராத இளைஞர்களையும் ஆய்வாளர்கள் பிற்பாடு ஒப்பிட்டார்கள். வன்முறை இரண்டு பக்கமும் குறைந்திருந்தது. ஆனால் ஆயுதத்தோடு பிடிபடுவது, திட்டத்தில் இருந்தவர்களிடம் தெளிவாகவே அதிகம் குறைந்திருந்தது. சரி, அப்படியானால் திட்டம் தொடர்ந்ததா? இல்லை. பணம் தீர்ந்ததும் 2011-ல் மூடினார்கள்.

படுக்கைக்குப் பக்கத்தில்

2008-லேயே கிளாஸ்கோவின் முகத்தாடை அறுவை மருத்துவர்கள் சிலர் சேர்ந்து வன்முறைக்கு எதிரான மருத்துவர்கள் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். கிறிஸ்டின் குடால் அவர்களில் ஒருவர். வாயோரத்திலிருந்து காதுவரை கிழிக்கும் வெட்டுக்கே அந்த ஊர்ப் பெயரில் ஒரு சொல் இருந்தது என்றால் இவர்களின் சனிக்கிழமை இரவுகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தைத்துத் தைத்து அலுத்துப்போய்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார்கள்.

இவர்களும் வன்முறைக் குறைப்புப் பிரிவும் சேர்ந்து 2015 கடைசியில் ராயல் இன்ஃபர்மரியில் தொடங்கியது 'நேவிகேட்டர்' திட்டம். 1993-ல் பதிவேட்டைப் புரட்டிய அதே மருத்துவமனை. அடிபட்டு வருபவரின் படுக்கைக்கருகில் ஒருவர் போய் உட்காருவார். போலீஸ் அல்ல, மருத்துவர் அல்ல. யார் குத்தியது என்று கேட்க மாட்டார். அவர்களில் சிலர் அதே வாழ்க்கையைக் கடந்து வந்தவர்கள். மயக்கம் தெளிந்து, ரத்தம் காய்ந்து, 'இதோட போதும்' என்று மனம் சொல்லும் ஒரு சின்ன இடைவெளி உண்டு. நண்பர்கள் வந்து 'யாருடா அது, சொல்லு' என்று கேட்டுப் பழிவாங்கக் கிளம்புவதற்கு முன்னால். அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அடுத்த வாரம் இன்னொரு கட்டிலில் இன்னொருவன் படுப்பானா என்பது மாறலாம். வீட்டுக்குப் போன பிறகும் தொடர்பு விடுவதில்லை.

பள்ளியில்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2009-ல் ஸ்காட்லாந்தின் இன்வர்கிளைட் பகுதியில் 'கத்தி வேண்டாம், நல்ல வாழ்க்கை வேண்டும்' என்ற பொருளில் ஓர் இயக்கம் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவியது. மூத்த மாணவர்கள் இளையவர்களுக்கு வழிகாட்டும் முறையும் பள்ளிகளுக்கு வந்தது. ஒரு சண்டை மூளும்போது சுற்றி நிற்பவர்கள் என்ன செய்யலாம் என்பதுதான் அங்கே பாடம். பையன்களில் பெரும்பாலோர் குத்துகிறவர்களும் இல்லை, குத்துப்படுகிறவர்களும் இல்லை. பார்த்துக்கொண்டு நிற்பவர்கள்.

பயமுறுத்தும் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்தம் சொட்டும் கத்தியைச் சுவரொட்டியில் போட்டால் ஊரில் எல்லோரும் கத்தி வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம்தான் பையனுக்கு வரும். எல்லோரிடமும் இருக்கிறது என்றால் என்னிடம் இல்லாமல் எப்படி வெளியே போவது? கத்தியை எடுப்பவர்களில் பலர் தாக்குவதற்கு எடுப்பதில்லை. பயத்தில் எடுக்கிறார்கள். பயத்தைக் கூட்டிக் கத்தியைக் குறைக்கப் பார்ப்பது எண்ணெய் ஊற்றி நெருப்பை அணைக்கிற வேலை.

இவற்றையெல்லாம்விட அதிகம் பேசப்படாத மாற்றம் ஒன்று உண்டு. 2006-07-ல் ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் மாணவர்களைத் தண்டனையாகப் பள்ளியைவிட்டு வெளியே அனுப்பிய நிகழ்வுகள் 44,000-க்கு மேல். 2018-19-ல் அது 15,000 அளவுக்கு இறங்கியது. வெளியே அனுப்பப்பட்ட பையனுக்கு நாள் முழுக்க ஓய்வு. அந்த ஓய்வு எங்கே போகும் என்று கோஷ்டிக்குத் தெரியும்.

போலீஸ் பின்வாங்கவில்லை

கிளாஸ்கோ கதையை மென்மையின் வெற்றியாகச் சொல்பவர்கள் மறைக்கும் பகுதி இது. 2006-ல் கத்தி வைத்திருப்பதற்கான உச்சபட்சத் தண்டனை இரண்டு ஆண்டிலிருந்து நான்காக உயர்ந்தது. பிறகு ஐந்தானது. நிறுத்திச் சோதனையும் தாராளமாக நடந்தது. எவ்வளவு தாராளம் என்பதை 2014-ல் காத் மரே என்ற ஆய்வாளர் வெளியே கொண்டுவந்தார். மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால், இங்கிலாந்தையும் வேல்ஸையும்விடப் பல மடங்கு சோதனைகள். அவற்றில் பெரும்பகுதி, சட்டப்படி சந்தேகக் காரணம் ஏதுமின்றி, 'சோதிக்கலாமா?' என்று கேட்டுச் சம்மதத்தின் பேரில் நடந்தவை. பதினாறு வயதுப் பையனிடம் இரண்டு காவலர்கள் கேட்கும் சம்மதம் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. விவாதம் கிளம்பியது, விதிகள் மாறின. 2017 மே மாதத்திலிருந்து சம்மதத்தின் பேரில் சோதிப்பது முடிவுக்கு வந்தது.

சோதனைகள் செங்குத்தாகச் சரிந்தன. கொலைகள் அதையொட்டி எகிறவில்லை. 2017-18-லும் 2018-19-லும் நாடு முழுவதற்கும் அறுபது அளவிலேயே நின்றன. அதாவது அத்தனை லட்சம் பைகளைத் துழாவியதில் கணிசமான பகுதி தேவையற்றதாக இருந்திருக்கலாம். சோதனையே வேண்டாம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. எங்கே, யாரை என்று தெரிந்து செய்வது வேறு, எண்ணிக்கை காட்டச் செய்வது வேறு.

கார்னோகன் சொன்னதாகப் பலரும் குறிப்பிடும் ஒரு கருத்து உண்டு. கூடுதலாக ஆயிரம் காவலர்கள் வேண்டுமா, பச்சிளம் குழந்தைகள் உள்ள வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் ஆயிரம் சுகாதாரச் செவிலியர்கள் வேண்டுமா என்று கேட்டால் செவிலியர்களையே கேட்பேன் என்றார். கொலை விசாரணையில் ஊறிய ஒருவர் வாயிலிருந்து வந்ததால்தான் இந்தப் பேச்சு எடுபட்டது. ஒரு சமூகப் பணியாளர் சொல்லியிருந்தால் பத்திரிகையில் நான்கு வரிகூட வந்திருக்காது.

எண்கள், அவற்றின் மேல் சந்தேகம்

2006 ஏப்ரல் முதல் 2011 வரையிலான ஐந்தாண்டுகளில் ஸ்காட்லாந்தில் கத்தியால் கொல்லப்பட்ட சிறுவர்களும் பதின்வயதினரும் 40 பேர். அடுத்த ஐந்தாண்டுகளில் 8. கிளாஸ்கோவில் மட்டும் பார்த்தால் 15 பேரிலிருந்து ஒருவர்கூட இல்லை என்ற நிலை. எவ்வளவு சந்தேகக் கண்ணோடு பார்த்தாலும் இது சின்ன மாற்றம் இல்லை.

ஆனாலும் கேள்விகள் உண்டு. இதே காலத்தில் பல மேற்கத்திய நாடுகளில் இளைஞர் குற்றம் பொதுவாகவே இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தெருமுனையில் நிற்பது குறைந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். இளைஞர்களிடையே குடி குறைந்தது. கோஷ்டிகளின் எல்லைகளாக இருந்த பழைய அடுக்குமாடிகள் பலவற்றை இடித்தே விட்டார்கள். இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒரே நேரத்தில் பத்து மருந்து சாப்பிட்டுக் குணமானவரிடம் எது குணப்படுத்தியது என்று கேட்பது போல. இருந்தாலும் ஒன்றைச் சொல்லலாம். 1993-ல் ஒரே ஒரு மருந்துதான் இருந்தது. அதை நிறுத்தியதும் நோய் திரும்பியது.

லண்டன் எடுத்துக்கொண்டபோது

2018-ல் லண்டன் மேயர் சாதிக் கான் கிளாஸ்கோ வழியில் ஒரு பிரிவை அறிவித்தார். 2019-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 பகுதிகளில் இத்தகைய பிரிவுகள் அமைக்க அரசு 3.5 கோடி பவுண்டு ஒதுக்கியது. 2023 தொடக்கத்திலிருந்து போலீஸ், நகராட்சி, சுகாதார அமைப்புகள் எல்லாம் சேர்ந்து கடும் வன்முறையைத் தடுக்கத் திட்டமிட வேண்டும் என்பது அங்கே சட்டப்படியான கடமை.

எடுத்துக்கொண்டதில் பெயர் எளிதாக வந்துவிட்டது. மற்றவை அப்படி வரவில்லை. கிளாஸ்கோவில் ஒரு போலீஸ், ஒரு நகராட்சி. சம்பந்தப்பட்ட அதிகாரிகள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவு ஊர். லண்டனில் 32 உள்ளாட்சி மன்றங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி வரவுசெலவு. கிளாஸ்கோப் பையன் தெருப் பெயருக்காகச் சண்டை போட்டான். லண்டனில் பல இடங்களில் பின்னால் போதைப்பொருள் வியாபாரம் நிற்கிறது. 'கத்தியைப் போடு, பயிற்சி தருகிறோம்' என்றால் அந்த வியாபாரம் தரும் பணத்தோடும் கடனோடும் அது போட்டி போட வேண்டும். அப்புறம், நிறுத்திச் சோதனை அங்கே கறுப்பின இளைஞர்கள்மீது அளவுக்கு மீறி விழுகிறது என்ற நீண்ட காயம் இருக்கிறது. போலீஸ் கொடுக்கும் தொலைபேசி எண்ணை நம்பி அழைக்க அந்தப் பையனுக்குத் தயக்கம் இருந்தால் அது அவன் குற்றம் இல்லை. கிளாஸ்கோவின் கோஷ்டிகளில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அந்தச் சிக்கலை அவர்கள் சந்திக்கவே வேண்டியிருக்கவில்லை.

கிளாஸ்கோவும் ஓய்ந்துவிடவில்லை. 2023-ல் ஸ்காட்லாந்து அரசு வன்முறைத் தடுப்புக்குப் புதிய கட்டமைப்பை வெளியிட்டது. 2025-ல் பதின்வயதினர் சிலர் அடுத்தடுத்துக் கத்திக்கு இரையானபோது, பழைய வெற்றி கரைகிறதா என்று நாடே கேட்டது. சண்டைக்கு நாள் குறிப்பதும், அடித்ததைப் படம் பிடித்துப் போடுவதும் இப்போது கைபேசியில் நடக்கின்றன. 2025-ல் அங்கே பதினைந்து வயதில் இருந்தவர்கள், 2011-ல் அந்தத் தொலைபேசி எண்ணை மூடியபோது நடைபழகிக்கொண்டிருந்தவர்கள். நீதிமன்ற அறையில் அந்த அம்மா பேசியதை அவர்கள் யாரும் கேட்டதில்லை.